பொன்னா? பொழுதா?

திருவள்ளூர்க் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. கடை என்று சொல்வதே மிகை. ஓர் ஆள் உட்காரலாம், ஒரு மேசை போடலாம், அவ்வளவே இடம். ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கும் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, குண்டூசி முனையளவு திருகாணிகளோடு அரை நூற்றாண்டாய் உறவாடிவரும் பெரியவர் அங்கே வீற்றிருக்கிறார். அவர் முன்னே அண்மையில் ஒரு நாள் நாம் போய் நின்றோம். கையிலே, பட்டுத் துணியில் பொதிந்த ஒரு பொன் கைக்கடிகாரம். எம் பாட்டனாருடையது. 1958-இல் மணவறையில் அவர் அமர்ந்திருந்தபோது, பெண் வீட்டார் அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டது.

மெல்லிய கடிகாரம். பாலாடை நிற முகம். எண்கள் இல்லை, எண்கள் நிற்க வேண்டிய இடத்தில் பொற்கோடுகள். ஆறு மணிக்கு நேர்மேலே நொடி முள்ளுக்கென்று ஒரு சிறு வட்டம். சட்டைக் கையின் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு, கையை நீட்டும்போது மட்டும் எட்டிப் பார்த்து மின்னும் அளவுக்கு மெலிவு. வயலுக்குப் போகும்போது கட்டுவதற்கோ ஆலைக்குப் போகும்போது கட்டுவதற்கோ செய்யப்பட்டதல்ல அது. மேனாட்டார் மாலை விருந்துக்கென்று வகுத்த அணி. நம் நாட்டார் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மேடைக்கும் கட்டிச் சென்ற அணி.

அதைப் பற்றி எம் வீட்டில் இரண்டு வரலாறுகள் உண்டு. பாட்டனார் சொன்னது ஒன்று: “சுத்தத் தங்கம், சுவிஸ் சரக்கு.” பாட்டி சொன்னது மற்றொன்று: “எங்க அப்பாரு அரைக் காணி நஞ்சைய வித்தாரு. அந்த நெலத்தத்தான் உங்க தாத்தா கையில கட்டிக்கினு திரிஞ்சாரு.” நிலம் போன ஆண்டோடு பாட்டியின் தங்கையாருடைய பள்ளிப் படிப்பும் நின்றது. அந்தச் செய்தி பாட்டனாரின் வரலாற்றில் இடம்பெறவே இல்லை. வரலாறு எழுதுவோர் பலருடைய வழக்கமும் அதுதானே!

பெரியவர் பின்மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். எம்மைப் பார்த்தார்.

“தம்பி, இது முலாம். சொக்கத் தங்கக் கூடா இருந்தா, சுவிட்சர்லாந்துக்காரன் உள்ளே முத்திரை அடிச்சிருப்பான். பதினெட்டு காரட்டுன்னா பொம்பளத் தலை. பதினாலு காரட்டுன்னா அணில். இதுல இருபது மைக்ரான்னு இருக்குது. பின்மூடி வெறும் எஃகு.”

இருபது மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கினால் வரும் ஒரு கூற்றின் தடிப்பு. கூட்டின் பரப்பையெல்லாம் கணக்கிட்டுப் பார்த்தோம். அரை கிராம் பொன் தேறாது. அரைக் காணி நஞ்சை, அரை கிராம் பொன்!

விற்றவன் ஏமாற்றினானா, வாங்கியவர் ஏமாந்தாரா என்பதன்று நம் வினா. கடிகாரத்தின் உள்ளேயே உண்மை எழுதி வைக்கப்பட்டிருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எம் வீட்டில் ஒருவரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. நேரத்தைக் காட்டப் பிறந்த கருவி, நேரம் காட்டாமல் செல்வத்தைக் காட்டும் கருவியாக ஒரு சமுதாயத்தில் எப்படி மாறியது? இதுவே வினா. விடை பாட்டனாரிடம் இல்லை. வரலாற்றிடம் இருக்கிறது.

அரசனின் நாழிகை

நேரத்தை அளக்கத் தெரியாத இனமல்ல தமிழினம். பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளை அறுபது நாழிகையாக வகுத்தனர். ஒரு நாழிகை இன்றைய இருபத்து நான்கு நிமிடம். சிறு துளையின் வழியே நீர் கசியும் வட்டிலைக் கொண்டு பொழுதை அளந்தனர். முல்லைப்பாட்டைப் படித்தோர் அறிவர்: போர்ப் பாசறையில் வேந்தனுக்கு நாழிகை அளந்து சொல்வோர் அங்கே வருகின்றனர்.

வேந்தனுக்கு! அதைக் கவனிக்க வேண்டும். வட்டில் அரண்மனையிலும் பாசறையிலும் இருந்தது. உழவன் வீட்டில் இருந்ததில்லை. உழவனுக்குக் கோழி கூவினால் காலை. தன் நிழல் தன் காலடியில் ஒடுங்கினால் நண்பகல். மாடு கொட்டிலுக்குத் திரும்பினால் மாலை. அவன் உழைப்புக்கு எல்லை கதிரவன்தான். கூலி எத்தனை என்று கேட்கவே அஞ்சியவன், எத்தனை நாழிகை என்று எங்கே கேட்பான்? அளவுகோல் அரசனிடமும் ஆலயத்திடமும் இருந்தது. அளக்கப்பட்டவன் ஊரின் ஓரத்தில் இருந்தான்.

கும்பினியின் கல்தூண்

அந்த அளவுகோல் கை மாறியது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1792-இல் கிழக்கிந்தியக் கும்பினி சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக் கூடத்தை நிறுவியது. அதன் கருவியைத் தாங்குவதற்கு நட்ட கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அக்கூடத்தின் வானியலார் ஜான் கோல்டிங்ஹாம் 1802-இல் கணக்கிட்டுச் சொன்னார்: சென்னை நேரம், கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது. அதுவே ‘சென்னை நேரம்’ ஆயிற்று. கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கும். நகரத்தார் தம் கடிகாரங்களைச் சரி செய்துகொள்வர்.

கும்பினிக்கு இது எதற்கு? கடலில் கப்பல் வழி தவறாமல் செல்வதற்கு. நிலத்தை அளந்து வரி போடுவதற்கு. அறிவு ஆதாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. வந்தவனின் நோக்கம் எதுவாயினும், வந்த அறிவு நமக்கும் உரியதே. அதை மறுப்பது மடமை.

பிறகு புகைவண்டி வந்தது. 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அன்றே இன்னொரு வண்டி இராயபுரத்திலிருந்து நம் திருவள்ளூர் வரை வந்து திரும்பியது. அந்த நாள்தான் திருவள்ளூருக்குக் கடிகாரம் வந்த நாள் என்று சொன்னால் தவறில்லை. கதிரவனைப் பார்த்துச் சொன்னால் திருவள்ளூரின் உச்சிப்பொழுது சென்னையினுடையதைவிட ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிந்தியே வரும். ஊருக்கு ஊர் ஒரு நண்பகல் வைத்துக்கொண்டால் வண்டிகள் மோதிக்கொள்ளுமே! எனவே ஊரின் கதிரவனை ஒதுக்கிவிட்டு, நிலையத்துச் சுவர்க் கடிகாரம் சொன்னதே நேரமாயிற்று. 1870-களில் இந்திய இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தையே பின்பற்றின. வண்டி எவர்க்காகவும் காத்து நிற்பதில்லை. பண்ணையார் பிந்தினாலும் விட்டுவிட்டுப் போகும், பறையடிப்பவர் முந்தினால் ஏற்றிக்கொண்டு போகும். சாதி பார்க்காத முதல் எசமானனாகத் தமிழ்நாட்டில் கடிகாரம் நுழைந்தது இப்படித்தான்.

1906 ஜனவரி முதல் நாள் இந்தியா முழுமைக்கும் ஒரே பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. கிரீனிச்சைவிட ஐந்தரை மணி நேரம் முந்திய நேரம் அது. சென்னை நேரத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒன்பது நிமிட இடைவெளி. சென்னையார் தம் கடிகார முள்ளை ஒன்பது நிமிடம் முன்னே தள்ளி வைத்தனர். இந்த ஒன்பது நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வேலை இருக்கிறது.

பொன் வந்த வழி

சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு சன்ஸ் என்னும் கடிகாரக் கடை 1879-இல் தன் மாளிகையை எழுப்பியது. பீட்டர் ஆர் என்னும் கடிகாரத் தொழிலாளர் 1840-களில் தொடங்கிய நிறுவனம் அது. சுவிட்சர்லாந்தின் ஃபாவ்ர்-லூபா 1865-இலேயே இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது. சமீன்தார்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் சங்கிலி கோத்த பைக்கடிகாரம் பெருமைச் சின்னமாயிற்று. அங்கியின் பைக்குள் கடிகாரம். அங்கிக்கு வெளியே பொற்சங்கிலி. உள்ளே இருப்பது நேரம் காட்டும். வெளியே இருப்பது நிலையைக் காட்டும்.

கைக்கடிகாரமோ தொடக்கத்தில் ஆண்மகன் அணியத் தக்கதாகவே கருதப்படவில்லை. ஐரோப்பாவில் அது சீமாட்டிகளின் கைவளை. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போர்தான் அதை ஆண்களின் மணிக்கட்டுக்கு மாற்றியது. பதுங்கு குழியில் ஒரு கையில் துப்பாக்கி பிடித்திருப்பவன் பையைத் துழாவி நேரம் பார்க்க முடியுமா? பெண்ணின் அணி ஆணின் கருவியாயிற்று. அந்தக் கருவிக்கு மீண்டும் பொன்முலாம் பூசி நம் நாட்டில் ஆணின் அணியாக்கி, பெண்ணின் தகப்பன் தலையில் அதன் விலையைச் சுமத்தினோம்! நாடு விடுதலை பெற்ற பின் வந்த இருபது ஆண்டுகளில் மாப்பிள்ளைக்கு என்னென்ன என்று பேச்சு எழுந்தால், கைக்கடிகாரம், மிதிவண்டி, வானொலிப் பெட்டி என்று பட்டியல் நீளும். 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. சட்டப் புத்தகத்தில் தடை; மணப்பந்தலில் கடிகாரம்.

சரி, அந்தப் பொன் என்ன செய்தது? பெரியவர் கடையில் மூடி திறந்த கடிகாரத்தைக் கண்ணாடி வழியே பார்த்தோம். சுருண்ட எஃகு வில் ஒன்று. சாவி கொடுத்தால் இறுகும், இறுகியது மெல்லத் தளரும். தளரும் விசை பித்தளைச் சக்கரங்களைச் சுழற்றும். கடைசியில் ஒரு சிறு சக்கரம், தலைமயிர் போன்ற மெல்லிய வில்லின் பிடியில் இப்படியும் அப்படியும் ஆடும். நொடிக்கு ஐந்து முறை, மணிக்குப் பதினெட்டாயிரம் முறை. அந்த ஆட்டமே நேரம். ஒரு முறை முழுக்கச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாள் ஓடும், பிறகு நின்றுவிடும். முகப்பில் ‘பதினேழு கல்’ என்று பெருமையாய் எழுதியிருந்தது. கல் என்றவுடன் மாணிக்கம், விலை மதிப்பற்றது என்று எம் வீட்டார் நம்பினர். மாணிக்கம்தான், ஆனால் உலையில் செய்த மாணிக்கம். பிரெஞ்சு வேதியலார் வெர்னுயி என்பவர் 1902-இல் அறிவித்த முறையில் தொழிற்சாலையில் விளைவிப்பது. அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காக வைத்த கடினமான தாங்கி. விலை சொற்பம், வேலை பெரிது.

எஃகு உழைக்கிறது, பித்தளை சுழல்கிறது, உலையில் பிறந்த கல் தாங்குகிறது. பொன்? மேலே உட்கார்ந்து மின்னுகிறது. ஒரு நொடியைக்கூடத் திருத்தமாக்க அதனால் முடியாது. ஊரில் உழைப்பவர் யார், மின்னுகிறவர் யார் என்பதைக் கடிகாரமே சின்ன வடிவில் காட்டிவிட்டதல்லவா!

ஆலைச் சங்கு

பொன் கடிகாரம் பண்ணையார் கையில் மின்னிக்கொண்டிருந்த காலத்தில் தொழிலாளியின் நேரம் எங்கே இருந்தது? ஆலையின் சங்கில் இருந்தது. சங்கு ஊதினால் உள்ளே. மறுபடி ஊதினால் வெளியே. ஊதுகிறவன் முதலாளியின் ஆள்.

19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் ஆலைகளைப் பற்றித் தொழிலாளர் எழுதி வைத்த நினைவுகளில் நெஞ்சைச் சுடும் செய்தி உண்டு. காலையில் கடிகார முள்ளை முன்னே தள்ளுவர். மாலையில் பின்னே இழுப்பர். தொழிலாளி தன்னிடம் கடிகாரம் வைத்துக்கொள்ளவே அஞ்சினான். நேரம் அறிந்தவன் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற நிலை சில ஆலைகளில் இருந்தது. ஏன் அந்த அச்சம்? ஒருவன் கையில் நம்பத் தகுந்த கடிகாரம் இருந்தால், திருடப்பட்ட நிமிடங்களை அவன் எண்ணிவிடுவான். எண்ணத் தெரிந்தவன் கேட்கத் தொடங்குவான்.

இங்கும் கேட்டார்கள். 1918 ஏப்ரலில் சென்னைப் பெரம்பூரில், பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் முன்னின்ற சங்கம். அத்தொழிலாளர்களின் தொடக்ககாலக் குறைகளுள் ஒன்று கூலியைப் பற்றியதன்று, நிமிடத்தைப் பற்றியது. நண்பகல் இடைவேளை அரை மணி நேரந்தான். சோறு உண்ணப் போதவில்லை, நீட்டித் தாருங்கள் என்றனர். சோற்றைக் கேட்டால் பசி என்பர்; சோறு உண்ண நேரத்தைக் கேட்டால் என்ன என்பது? தன்மானம் என்பதே சரி. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னையில் மே நாளைக் கொண்டாடினார். உலகெங்கும் அந்நாளின் முழக்கம் எட்டு மணி நேர வேலை என்பதே. 1922-இல் வாரத்துக்கு அறுபது மணி, 1934-இல் ஐம்பத்து நான்கு மணி, 1948-இல் நாற்பத்தெட்டு மணி என்று இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்கள் படிப்படியாய் இறங்கி வந்தன. பொன் கடிகாரம் கட்டியவர்கள் இறங்கி வந்து கொடுத்தவை அல்ல இவை. கடிகாரமே கட்டாத கைகள் உயர்ந்து வாங்கியவை.

மக்கள் கைக்கு வந்தது

1962-இல் சீனத்தோடு போர். நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்தது. பொன் மோகத்தைக் கட்டுப்படுத்த முனைந்தார் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். 1963 ஜனவரியில் பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட பொன்னகை செய்யக் கூடாதென்று விதி பிறந்தது. 1968-இல் அது பொற்கட்டுப்பாட்டுச் சட்டமாக விரிந்து, 1990-இல்தான் நீக்கப்பட்டது. இடையில் நடந்தது என்ன? பட்டறையில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்த பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்து தவித்தன. மணப்பந்தலிலோ பொன் குறையவில்லை. கடல் வழியே கள்ளத்தனமாய் வந்தது. அதே படகுகளில் கைக்கடிகாரமும் வந்தது. மோகத்தைத் தொடாமல் உலோகத்தை மட்டும் தொட்ட சட்டம் வேறென்ன சாதிக்கும்?

அதே காலத்தில் வேறொரு பாதையும் திறந்தது. 1953-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசு நிறுவனம், 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துக் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. எச்.எம்.டி. என்ற மூன்றெழுத்து ஊர்தோறும் பரவியது. அவர்கள் செய்த ஒரு கடிகாரத்தின் பெயரே ‘ஜனதா’. மக்கள் என்று பொருள். அதற்கும் பதினேழு கல்; அதற்கும் எஃகு வில்; மணிக்குப் பதினெட்டாயிரம் ஆட்டம். சுவிஸ் பொன்கடிகாரத்துக்கும் பெங்களூர் ஜனதாவுக்கும் நிமிடத்தில் வேற்றுமை இல்லை, மின்னலில்தான் வேற்றுமை. ஆசிரியர், நடத்துநர், எழுத்தர், ஆலைத் தொழிலாளி எனப் பலரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தாமே வாங்கித் தம் கையில் கட்டிக்கொண்டனர். மாமனார் கட்டிவிட்டதன்று, உழைப்புக் கட்டிவிட்டது.

1969 இறுதியில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்சு கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. மின்கலத்தின் விசையில் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் படிகம். நாள் ஒன்றுக்குப் பல நொடி பிசகும் வில்கடிகாரம் எங்கே, திங்கள் ஒன்றுக்குச் சில நொடியே பிசகும் இது எங்கே! ஆனால் வேடிக்கை பாருங்கள்: அந்த அறிவியல் அருமையையும் பதினெட்டு காரட் பொற்கூட்டில் வைத்தே விற்றனர். விலை நான்கரை இலட்சம் யென். ஒரு சிறு மோட்டார் வண்டியின் விலை. பிறகு என்ன ஆயிற்று? படிகம் மலிந்தது, பொற்கூடு உதிர்ந்தது, சந்தைக் கடையில் நெகிழிக் கடிகாரம் குவிந்தது. அறிவு தொடர்ந்து வேலை செய்தால் அரசனின் வட்டில் ஆண்டியின் கைக்கும் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் தமிழகமும் அந்தப் பந்தயத்தில் ஓடியது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் டாட்டா குழுமமும் 1984-இல் கூட்டாக டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின; ஒசூரில் ஆலை எழுந்தது. அதே நிறுவனம் 2002-இல் ‘எட்ஜ்’ என்னும் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. மொத்தத் தடிப்பு மூன்றரை மில்லிமீட்டர், உள்ளே இயங்கும் பொறியின் தடிப்பு 1.15 மில்லிமீட்டர். எந்த மெலிவுக்காக எம் பாட்டியின் தகப்பனார் அரைக் காணியை விற்றாரோ, அதனினும் மெலிந்த கடிகாரத்தை நம் நாட்டுக் கைகளே செய்து காட்டின. வளர்த்தவை எல்லாம் வாழ்ந்தன என்றும் சொல்வதற்கில்லை, எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் இந்திய அரசு ஒப்புதல் தந்தது. ஜனதாவின் முள் நின்றது. ஆனால் அது கற்றுக்கொடுத்த பாடம் நிற்கவில்லை.

கையில் நேரம், தலையில் இராகு

கடிகாரம் அனைவர் கைக்கும் வந்துவிட்டது. அறிவும் உடன் வந்ததா? வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை இராகுகாலம் என்று, நொடி பிசகாத குவார்ட்சைப் பார்த்துச் சொல்கிறார்களே, அவர்களை எண்ணிச் சிரிப்பதா, சினப்பதா?

இப்போது அந்த ஒன்பது நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். 1905 டிசம்பரில் சென்னையில் பத்தரை மணி என்றால் அது சென்னை நேரம். 1906 ஜனவரியில் பத்தரை என்றால் அது இந்தியப் பொது நேரம். முள்ளை நகர்த்தியது வெள்ளையர் அரசின் ஆணை. இராகுவும் அந்த ஆணைக்கு அடங்கி ஒன்பது நிமிடம் நகர்ந்துகொண்டதோ? ‘கதிரவன் எழும் நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்தல்ல’ என்பார் பஞ்சாங்கம் படித்தவர். நன்று. சென்னையில் கதிரவன் மே, ஜூனில் ஏறக்குறைய 5.40-க்கு எழுகிறான், ஜனவரி இறுதியில் 6.35-க்கு எழுகிறான். அப்படியானால் ஆண்டு முழுவதும் ஒரே பத்தரை என்று நாட்காட்டியில் அச்சடித்திருப்பது பஞ்சாங்கத்தின் கணக்குப்படியே பொய்யாயிற்றே! ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய். இரண்டையும் காட்டிக்கொடுப்பது கையிலுள்ள கடிகாரம்.

இராகுகாலத்திலேயே மணவிழாவை நடத்திக் காட்டிய சுயமரியாதைத் திருமணங்கள் இந்த மண்ணில் நடந்தன. அத்திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைக்க 1967-இல் சட்டமன்றம் வழி செய்தது. அந்த மணமக்கள் கடிகாரத்தை அணியாகப் பார்க்கவில்லை, கருவியாகப் பார்த்தனர். கருவியில் நல்ல நேரம், கெட்ட நேரம் இல்லை. சரியான நேரம், தவறான நேரம்தான் உண்டு.

இன்னொரு காட்சியும் உண்டு. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-இல் மறைந்தார்; மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கைக்கடிகாரமும் உடலோடு சென்றது, அது இன்னும் ஓடுகிறது என்று நம்பி, நினைவிடத்துக் கல்லில் காதை வைத்துக் கேட்போரை இன்றும் காணலாம். எம் மாணவன் ஒருவன் சுற்றுலா சென்று வந்து, “ஓசை கேட்டது” என்று வகுப்பில் உறுதியாகச் சொன்னான். நாம் அவனை ஏசவில்லை. மறைந்த தலைவர்பால் எளிய மக்கள் கொண்ட அன்பு அது. அன்பை இகழ்வது பகுத்தறிவாகாது. கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதினோம். சாவி கொடுக்கும் கடிகாரமானால் ஒன்றரை நாள். கை அசைவில் ஓடுவதானால், அசைவு நின்ற இரண்டு மூன்று நாள். மின்கலத்தில் ஓடுவதானால் சில ஆண்டு. “முப்பது ஆண்டுக்கும் மேலாக ஓடுவது எது?” என்று கேட்டோம். நெடுநேரம் எண்ணியபின் அவனே சொன்னான்: “காதை அழுத்தி வெச்சா நம்ம நாடித்துடிப்பே கேக்கும் ஐயா.” விடையை நாம் ஊட்டவில்லை, அவனே திறந்து பார்த்தான்.

அரை கிராம்

மாலையில் கும்மிடிப்பூண்டி நிலையத்தில் நின்று பாருங்கள். சிப்காட் ஆலைகளில் முறை மாறும் வேளை. தமிழரும், பீகார், ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தோருமாய்க் கூட்டம் கூட்டமாய் வருவர். பலர் கையில் கடிகாரமே இல்லை. பைக்குள் கைப்பேசி இருக்கிறது, அது நொடி தவறாமல் நேரம் சொல்கிறது. ஆலை வாயிலில் விரல் வைத்தால் வந்த நிமிடமும் போன நிமிடமும் பதிவாகின்றன. நேரம் அறியாத தொழிலாளி இன்றில்லை. ஆனால் அந்த நேரம் யாருடையது என்ற வினா ஓயவும் இல்லை. 2023 ஏப்ரல் 21-இல் தமிழகச் சட்டமன்றத்தில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எழுந்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள் திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பெரம்பூர்த் தொழிலாளர் இடைவேளைக்காகக் கேட்ட நிமிடங்களுக்கும் 2023-இன் அந்த நான்கு மணி நேரத்துக்கும் இடையே ஓடுவது ஒரே முள்தான்.

இளைஞர்களே! உங்கள் திருமணப் பேச்சு நடக்கும்போது, பொன் கடிகாரம் என்று எவரேனும் வாய் திறந்தால், அதன் பின்மூடியைத் திறந்து காட்டுங்கள். உள்ளே உழைப்பது எஃகும் பித்தளையும் என்று சொல்லுங்கள். நல்ல நேரம் பார்க்க எவரேனும் நாட்காட்டியை நீட்டினால், அந்த ஒன்பது நிமிடக் கணக்கைக் கேளுங்கள். ஆலையில் உங்கள் மிகை நேரத்தை எவரேனும் மறந்தால், கையில் இருப்பது அணியல்ல, அளவுகோல் என்பதைக் காட்டுங்கள்.

பெரியவர் கடிகாரத்தைத் துடைத்து எண்ணெயிட்டுத் தந்தார். அது மீண்டும் ஓடுகிறது. இப்போது அது எம் வகுப்பறை மேசையில் இருக்கிறது. பின்மூடியைத் திறந்து வைத்து, ஏழாம் வகுப்பு மாணவியரும் மாணவரும் சக்கரங்களை எண்ணுகின்றனர். பாட்டியின் தங்கையார் எந்த வகுப்போடு பள்ளியை விட்டாரோ, அதே வகுப்பு.

அன்று மாலை வீடு திரும்பியதும் பாட்டி கேட்டார்: “எம்மாந் தங்கம் தேறுமாம்?”

“அரை கிராம்கூடத் தேறாதாம், ஆயா.”

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்:

“அப்போ எங்க அப்பாரு நெலம் எங்கடா போச்சு?”